நேற்றைய நானும் மஹ்ஷரில் நிற்கப்போகும் நானும்

 

 

"அது அந்தக் காலம் ஹள்ரத். அப்ப இருந்த ஆள் வேற, இப்ப இருக்கிற ஆள் வேற." இந்தப் பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். முப்பது வருடத்திற்கு முன்னால் சகோதரிக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடுக்காமல் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவர் இப்படிச் சொல்கிறார். வாங்கிய கடனை மறந்து போனவரும் இப்படித்தான் சொல்கிறார்.

இன்னொரு பேச்சும் உண்டு. இது அழுதுகொண்டே சொல்லப்படுவது. "இது என் உம்மாவே இல்லை. உம்மா எப்பவோ போயிட்டாங்க." மறதி நோயில் படுத்திருக்கும் தாய்க்குச் சோறூட்டும் மகள் சொல்வது.

முதல் பேச்சு தப்பிக்கச் சொல்வது. இரண்டாவது தாங்க முடியாமல் சொல்வது. இரண்டிற்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றே: உடம்பு மாறி, குணம் மாறி, ஞாபகமும் மாறிய பிறகு ஒரு மனிதன் அதே மனிதன்தானா? இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. நம் இமாம்கள் ஆயிரம் வருடமாகப் பேசி வந்த கேள்வி இது. இன்று அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

மக்கிய எலும்பு

மக்காவில் நிராகரிப்பாளர்களில் ஒருவன் மக்கிப்போன எலும்பைக் கையில் எடுத்து வந்து நொறுக்கினான். இதற்கா மறுபடி உயிர் வரும் என்று கண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டான். யாசீன் சூராவின் கடைசிப் பகுதி இதைப் பற்றிப் பேசுகிறது. முதல் தடவை அதைப் படைத்தவன் யாரோ அவனே அதை உயிர்ப்பிப்பான் என்பது அல்லாஹ் தந்த பதில் (36:78, 79). ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கியவனுக்குத் திரும்ப உண்டாக்குவது சிரமமா என்ன?

அவனுடைய வாய் அடைபட்டது. ஆனால் அறிஞர்கள் அந்த இடத்தில் நிற்கவில்லை, அடுத்த கேள்விக்குப் போனார்கள். அல்லாஹ்வின் ஆற்றலில் சந்தேகமில்லை. ஆனால் எழுப்பப்படுகிறவன் அதே ஆளா, அவனைப் போன்ற இன்னொரு ஆளா? இன்னொரு ஆள் என்றால், ஒருவன் செய்த பாவத்திற்கு வேறொருவன் தண்டனை பெறுகிறான், ஒருவன் செய்த அமலுக்கு வேறொருவன் கூலி பெறுகிறான் என்றாகிவிடும். அல்லாஹ் அநியாயம் செய்பவன் அல்லன். ஆகவே நீதி நிற்க வேண்டுமானால் அதே ஆள் நின்றாக வேண்டும். இந்தப் பிரச்சினையை நம் முன்னோர் வெறும் தத்துவ விளையாட்டாக எடுத்துக்கொள்ளாததன் காரணம் இதுதான்.

ஜவ்ஹரும் அரளும்

நம் அரபுக் கல்லூரிகளில் ஷரஹுல் அகாயித் என்ற கிதாபு ஓதிக் கொடுக்கப்படுகிறது. ஹிஜ்ரி 537இல் வஃபாத்தான இமாம் நஸஃபி (ரஹ்) எழுதிய அகீதா நூலுக்கு, ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் இமாம் தஃப்தாஸானி (ரஹ்) எழுதிய விரிவுரை அது. அல்லாஹ் அல்லாத எல்லாமே இரண்டு வகைக்குள் அடங்கும் என்பது அதில் ஆரம்பத்திலேயே வரும் பாடம். ஒன்று தானாக நிற்கும் பொருள். அதன் அடிப்படை அலகுக்கு ஜவ்ஹர் என்று பெயர். மற்றொன்று, பொருளின் மீது வந்து போகும் தன்மை. அதற்கு அரள் என்று பெயர்.

எளிதாகச் சொல்கிறேன். மாங்காய் பச்சையாக இருக்கிறது, பிறகு மஞ்சளாகிறது. புளிப்பாக இருந்தது இனிப்பாகிறது. பச்சை, மஞ்சள், புளிப்பு, இனிப்பு எல்லாம் அரள். எதன் மீது இவை வந்து போயினவோ அதுதான் பொருள். நிறம் தனியாக அந்தரத்தில் நிற்காது, நிற்க ஒரு பொருள் வேண்டும். இமாம் அஷ்அரி (ரஹ்) அவர்களின் வழிவந்த அறிஞர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், எந்த அரளும் இரண்டு கணம் நீடிக்காது என்றார்கள். உங்கள் முகத்தில் இருக்கும் நிறத்தைக்கூட ஒவ்வொரு கணமும் அல்லாஹ் புதிதாகப் படைத்துக்கொண்டிருக்கிறான் என்பது அவர்களின் கருத்து.

சரி, மனிதனில் நிலையான பொருள் எது? இங்கேதான் கருத்துகள் பிரிகின்றன. பஸ்ராவின் முஃதஸிலாக்களில் அபுல் ஹுதைல் என்பவர், கையும் காலுமாகக் கண்ணுக்குத் தெரியும் இந்த உடம்புதான் மனிதன் என்றார். அதே ஊரின் நள்ளாம், உடம்புக்குள் ஊடுருவி நிற்கும் ரூஹுதான் மனிதன் என்றார். இந்தக் கருத்துகளையெல்லாம் இமாம் அஷ்அரி (ரஹ்) தமது மகாலாத்துல் இஸ்லாமிய்யீன் நூலில் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

உடம்புதான் மனிதன் என்றால் ஒரு சிக்கல் வருகிறது. உடம்பு ஓரிடத்தில் நிற்பதில்லை. இரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள்தான் வாழ்கிறது. மேல்தோல் உதிர்ந்து உதிர்ந்து புதிதாக வளர்கிறது. வாழ்நாள் முழுக்க நம்மோடு இருக்கும் அணுக்கள் மூளையில் உண்டு. ஆனால் அவற்றுக்குள்ளும் பழைய சரக்கு போய்ப் புதிய சரக்கு வந்துகொண்டே இருக்கிறது. நுண்ணோக்கி இல்லாத காலத்திலேயே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இதைக் கவனித்தார்கள். அவர்களுடைய தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா நூலின் கடைசிப் பிரச்சினை, அதாவது இருபதாவது, உடலோடு எழுப்பப்படுவதைப் பற்றியது. சிறு வயதிலிருந்து முதுமை வரை உணவால் உடம்பின் பாகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, ஆனாலும் மனிதன் அவனேதான். எனவே அவன் அவனாக இருப்பது நஃப்ஸைக் கொண்டு, உடம்பின் சரக்கைக் கொண்டு அல்ல என்று அங்கே வாதிக்கிறார்கள். ஹிஜ்ரி 606இல் வஃபாத்தான இமாம் ஃபக்ருத்தீன் ராஸி (ரஹ்) அவர்களும், ரூஹைப் பற்றிய வசனத்தின் (17:85) விளக்கத்தில் இதே வழியில் ஆதாரம் காட்டுகிறார்கள்.

இமாம் தஃப்தாஸானி (ரஹ்) சொல்லும் பதில் வேறு. ஒரு மனிதனை இன்னொருவன் தின்றுவிட்டால் அந்தச் சதை மறுமையில் யாருடையது என்று சிலர் மடக்கிக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஆயுளின் ஆரம்பம் முதல் கடைசி வரை நீடிக்கும் மூலப் பாகங்கள் உண்டு, அவையே திரட்டப்படும். தின்றவனிடம் போய்ச் சேர்ந்தது அவனுக்கு மேல்மிச்சமே தவிர அவனுடைய மூலம் அல்ல என்று பதிலளித்தார்கள். முதுகந்தண்டின் அடிநுனி எலும்பை மட்டும் மண் தின்னாது, அதிலிருந்தே மனிதன் மீண்டும் அமைக்கப்படுவான் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் நபிமொழியும் இங்கே நினைவுக்கு வரும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "நான்" என்பது எது என்பதில் இந்தப் பெரியவர்கள் வேறுபட்டார்கள். அன்று நிற்கப்போவது யார் என்பதில் வேறுபடவில்லை. அதே மனிதன்தான் நிற்பான்.

தோல் செய்த குற்றம் என்ன?

அந்நிஸா சூராவில் ஒரு வசனம் உண்டு. நரகவாசிகளின் தோல் கருகும்போதெல்லாம் அவர்களுக்கு வேறு தோல் மாற்றப்படும் என்கிறது அது (4:56). பாவம் செய்தது பழைய தோல், புதிய தோல் என்ன குற்றம் செய்தது என்ற கேள்வியை நம் முஃபஸ்ஸிர்களே எழுப்பியிருக்கிறார்கள். இமாம் ராஸி (ரஹ்) தரும் பதில்களில் இரண்டைப் பாருங்கள். தோல் அதே பொருள்தான், அதன் தன்மைதான் மாறியது என்பது ஒன்று. தண்டனை அடைவது தோல் அல்ல, மனிதன். தோல் அவனோடு ஒட்டியிருப்பது மட்டுமே என்பது மற்றொன்று.

சட்டையை மாற்றிக்கொண்டு வந்தால் கடன்காரர் விட்டுவிடுவாரா?

ஞாபகம்தான் நானா?

உடம்பு இல்லை என்றால் ஞாபகம்தான் மனிதன் என்று ஒரு கருத்து இன்று நம் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. இதற்கு வடிவம் கொடுத்தவர் இங்கிலாந்தின் ஜான் லாக் (1632–1704). மனித அறிவைப் பற்றிய தமது நூலின் இரண்டாம் பதிப்பில், 1694இல், இதற்கென்று ஓர் அத்தியாயம் சேர்த்தார். உன் நினைவு எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போகிறதோ அவ்வளவு தூரம் அது நீ என்றார். அவரும் மறுமை விசாரணையை மனத்தில் வைத்தே எழுதினார். தனக்கு அறவே தெரியாத ஒன்றுக்காக அந்த நாளில் யாரும் பதில் சொல்ல வைக்கப்பட மாட்டார்கள் என்று எண்ணுவது நியாயம் என்பது அவர் கருத்து.

இதில் ஓட்டை இருப்பதை ஸ்காட்லாந்தின் தாமஸ் ரீட் 1785இல் காட்டினார். சிறுவனாக இருந்தபோது பழம் திருடி அடி வாங்கிய ஒருவர் பிறகு வீரராகி எதிரியின் கொடியைக் கைப்பற்றுகிறார். முதுமையில் தளபதியாகிறார். வீரருக்கு அடி வாங்கியது ஞாபகம் இருக்கிறது. தளபதிக்குக் கொடி ஞாபகம் இருக்கிறது, அடி மறந்துவிட்டது. ஞாபகம்தான் ஆள் என்றால், வீரரும் சிறுவனும் ஒருவர், தளபதியும் வீரரும் ஒருவர், ஆனால் தளபதியும் சிறுவனும் வேறு வேறு ஆட்கள்! இது எப்படிச் சரியாகும்?

குர்ஆன் இந்த இடத்தில் என்ன சொல்கிறது? அல்முஜாதலா சூராவில், அவர்கள் செய்தவற்றை அல்லாஹ் எண்ணி வைத்திருக்கிறான், அவர்களோ அதை மறந்துவிட்டார்கள் என்ற கருத்தில் ஒரு வசனம் வருகிறது (58:6). நீங்கள் மறந்தது கணக்கிலிருந்து அழியவில்லை. அந்த நாளில் மனிதன் தான் முயன்று செய்தவற்றை நினைத்துப் பார்ப்பான் என்று அந்நாஸிஆத் சூராவும் (79:35) சொல்கிறது. ஞாபகம் திரும்ப வருவதால் அவன் அதே மனிதனாக ஆகிவிடுவதில்லை. அவன் ஏற்கெனவே அதே மனிதன் என்பதால்தான் அவனுடைய ஞாபகம் அவனிடம் திரும்ப வருகிறது.

நூறு வருடம் மரணிக்கச் செய்யப்பட்டு எழுப்பப்பட்டவரின் வரலாறு அல்பகரா சூராவில் இருக்கிறது (2:259). அவர் உஸைர் (அலை) என்று முஃபஸ்ஸிர்கள் பலர் கூறுகிறார்கள். எவ்வளவு காலம் இருந்தீர் என்று கேட்கப்பட்டபோது, ஒரு நாள் அல்லது அதில் கொஞ்சம் என்றார். அவருடைய ஞாபகக் கணக்கு ஒரு நாள். அல்லாஹ்வின் கணக்கு நூறு வருடம். அவருடைய உணவு கெடாமல் அப்படியே இருந்தது. கழுதையோ எலும்பாகிக் கிடந்து, அவர் கண்முன்னே சதை போர்த்தி எழுந்தது. மாறாமல் இருந்த உணவும் அவருடையதே, மக்கி எழுந்த கழுதையும் அவருடையதே. எவ்வளவு காலம் போனது என்று அவருக்கே தெரியவில்லை, அல்லாஹ்வுக்குத் தெரிந்திருந்தது.

நான் அறிந்த வரை இதன் சாரம் இதுதான்: நீங்கள் யார் என்பது உங்கள் சதையின் பொறுப்பில் இல்லை, உங்கள் ஞாபகத்தின் பொறுப்பிலும் இல்லை. அது அல்லாஹ்வின் அறிவில் பாதுகாப்பாக இருக்கிறது. அல்ஹஜ் சூராவை எடுத்துப் பாருங்கள். மறுபடி எழுப்பப்படுவதில் சந்தேகமா என்று கேட்டுவிட்டு, மண், துளி, இரத்தக்கட்டி, குழந்தை, வாலிபம், தள்ளாமை என்று வரிசையாகச் சொல்கிறான் அல்லாஹ் (22:5). ஒன்றுக்கொன்று சாயலே இல்லாத இத்தனை நிலைகளிலும் அவன் "உங்களை" என்றே பேசுகிறான். நிலைகள் பல, ஆள் ஒருவர்.

இரண்டு சாக்குகள்

இது புரிந்துவிட்டால் நம்மிடம் இருக்கும் இரண்டு சாக்குகள் விழுந்துவிடும்.

முதலாவது, "அது நான் இல்லை" என்பது. இப்னு சீனாவின் மாணவர் பஹ்மன்யார், மனிதனின் சுயம் கணத்துக்குக் கணம் மாறுகிறது என்று ஆசிரியரிடம் வாதம் செய்தாராம். பிறகு பதில் கேட்டபோது, நீ கேள்வி கேட்ட ஆள் போய்விட்டான், பதில் சொல்லும் கடமை எனக்கு இல்லை என்ற பொருளில் ஆசிரியர் விடை கொடுத்தார் என்று கல்விச் சபைகளில் ஒரு செய்தி சொல்வார்கள். கொள்கையாகப் பேசும்போது இனிக்கிறது. கொடுக்க வேண்டியதைக் கேட்கப்போன இடத்தில் இதே பதில் வந்தால் யாராவது ஏற்றுக்கொள்வோமா?

சகோதரியின் பங்கைப் பிடித்து வைத்திருப்பவரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அப்போது இருந்த ஆள் வேறு என்கிறீர்கள். சரி, பட்டாவில் இருக்கும் பெயர் யாருடையது? அந்த ஆள் வேறு என்றால் அந்த வீட்டின் வாடகையை மாதாமாதம் நீங்கள் எப்படி வாங்குகிறீர்கள்? பதினைந்து வருடத்திற்கு முன்னால் செய்த ஹஜ்ஜை, அது வேறு ஆள் செய்தது என்று நீங்கள் விட்டுக்கொடுத்ததில்லையே! பழைய ஹஜ் உங்களுடையது, பழைய சொத்து உங்களுடையது, பழைய கடன் மட்டும் யாரோ ஒருவருடையதா?

தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு மறுமைக்கு வந்து, பிறர் உரிமையில் கை வைத்த காரணத்தால் நன்மைகளையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்து ஓட்டாண்டியாக நிற்பவரைப் பற்றி முஸ்லிம் ஷரீஃபில் ஹதீஸ் இருக்கிறது. அங்கே யாரும் "நான் அவன் இல்லை" என்று சொல்லி வெளியேற முடியாது.

இரண்டாவது சாக்கு, "நான் அப்படித்தான், என் சுபாவம் அது" என்பது. முதலாவதுக்கு நேர் எதிரானது, ஆனால் அதைப் போலவே பொய்யானது. கோபம், கஞ்சத்தனம், பொய் எல்லாம் அரள்கள். வந்து போகிறவை. அரள் இரண்டு கணம் நீடிக்காது என்று நம் இமாம்கள் சொன்னதை இங்கே வைத்துப் பாருங்கள். இந்தக் கணம் உங்களிடம் இருக்கும் தீய குணம் அடுத்த கணமும் இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இரண்டு சாக்கும் இல்லாமல் வாழ்ந்து காட்டிய ஒருவரைச் சொல்கிறேன். உஹதில் ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டியால் கொன்றவர் வஹ்ஷி. பிறகு இஸ்லாத்திற்கு வந்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் அவருடைய இஸ்லாத்தை ஏற்றார்கள். ஆனால் தம் முகத்திற்கு முன்னால் வராமல் இருக்க முடியுமா என்று கேட்டார்கள். முந்தைய பாவத்தை இஸ்லாம் அழித்துவிட்டது. ஆனாலும் அவர் வேறு ஆளாகிவிடவில்லை. பிற்காலத்தில் யமாமா போர் வந்தபோது, ஹம்ஸாவுக்குச் செய்ததற்கு ஈடாக எதையாவது செய்ய மாட்டோமா என்ற ஏக்கத்தோடு, அதே ஈட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பொய்யன் முஸைலிமாவைக் குறி வைத்து எறிந்தார் வஹ்ஷி (ரலி). அது வேறு வஹ்ஷி என்று அவர் சொல்லவில்லை. நான் கொலைகாரன், அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிடவும் இல்லை. ஆள் அதே ஆள், ஈட்டி அதே ஈட்டி. எறிந்த நோக்கம்தான் மாறியது.

தவ்பா என்ற சொல்லுக்கே திரும்பி வருதல் என்றுதான் பொருள். போனவன் ஒருவன், வந்தவன் இன்னொருவன் என்றால் அதற்குத் திரும்புதல் என்று பெயர் இல்லை. ஆகவே திருந்தியவரைப் பார்த்து "அவன் எப்பவும் அவன்தான்" என்று குத்திக் காட்டாதீர்கள். திருந்தியவரே, நீங்களும் பழைய கணக்கை முடிக்காமல் புதிய ஆள் வேடம் போடாதீர்கள்.

உம்மா இன்னும் உம்மாதான்

கடைசியாக, அந்த மகளுக்கு.

அறிந்திருந்த பின் எதையும் அறியாதவராக ஆகும் தள்ளாத வயதுக்கு உங்களில் சிலர் கொண்டு செல்லப்படுகிறார்கள் என்று அல்லாஹ்வே சொல்கிறான். மேலே சொன்ன அதே 22:5இல்தான் இதுவும் வருகிறது. அறிந்திருந்தவர் யாரோ அவரே இப்போது அறியாதவர். அறிவு போய்விட்டது, ஆள் போகவில்லை. உங்கள் பெயர் உம்மாவின் நாவிலிருந்து போயிருக்கலாம். உங்களைப் பெற்றவர் என்பது அவரிடமிருந்து போகவில்லை.

ஷரீஅத் இதை எப்படி நடத்துகிறது பாருங்கள். புத்தி தடுமாறியவரை விட்டும், அது தெளியும் வரை, எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்று ஹதீஸ் சொல்கிறது. தொழவில்லை என்று அவரை மிரட்ட வேண்டாம், வருந்தவும் வேண்டாம். ஆனால் அவருடைய உரிமைகள் எதுவும் எடுக்கப்படவில்லை. அவருடைய நகை அவருடைய நகைதான். பொறுப்பாளர் அதைக் காத்துவரலாம், அவருடைய தேவைக்குச் செலவிடலாம். "அவங்களுக்கு என்ன தெரியப்போகுது" என்று பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வது ஹராம். உயிரோடு இருப்பவருக்கு வாரிசு பங்கு கிடையாது. கணவரை அடையாளம் தெரியாமல் போனாலும் அவருடைய நிகாஹ் முறிவதில்லை. மறதியால் ஒருவர் இல்லாமல் போய்விடுவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இன்னொரு ஆறுதலும் இருக்கிறது. ஓர் அடியார் நோயுற்றால், ஆரோக்கியத்தில் வழக்கமாகச் செய்துவந்த அமல் அவருக்கு எழுதப்படும் என்று புகாரியில் ஹதீஸ் வருகிறது. நாற்பது வருடம் தஹஜ்ஜுதுக்கு எழுந்த உம்மா இன்று கிப்லா எந்தப் பக்கம் என்று தெரியாமல் படுத்திருக்கிறார் என்றால், அந்தத் தஹஜ்ஜுது இன்றும் அவர் ஏட்டில் ஏறிக்கொண்டிருக்கும் என்று அல்லாஹ்வின் ரஹ்மத்தில் ஆதரவு வைப்போம். அவருக்கு மறந்துவிட்டது, அல்லாஹ்வுக்கு மறக்கவில்லை.

நான் இறந்ததும் என்னை எரித்துச் சாம்பலைக் காற்றில் தூவிவிடுங்கள் என்று பிள்ளைகளிடம் வஸிய்யத் செய்த ஒரு மனிதரைப் பற்றிப் புகாரியிலும் முஸ்லிமிலும் செய்தி இருக்கிறது. அல்லாஹ் கட்டளையிட்டான், சிதறியதெல்லாம் ஒன்று சேர்ந்தது, மனிதர் எழுந்து நின்றார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கப்பட்டது. உன் மீதிருந்த பயத்தால் என்றார். மன்னிக்கப்பட்டார். சாம்பலாகப் போனவர் எந்த இறையச்சத்தோடு போனாரோ அதே இறையச்சத்தோடு எழுந்தார். ஒரு துகளும் தொலையவில்லை, அந்தப் பயமும் தொலையவில்லை.

அதே இறைவன் முன்னால்தான் நாமும் நிற்கப்போகிறோம். இந்தப் பெயரோடு, இந்தக் கணக்கோடு. ஆகவே இன்று அஸருக்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் பாக்கி வைத்திருக்கும் ஒருவருக்குப் போன் செய்யுங்கள். வீட்டில் உங்களை மறந்துபோன ஒருவர் இருந்தால் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவருடைய பெயரைச் சொல்லி ஸலாம் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! நாங்கள் மறந்ததையும் நீ அறிந்திருக்கிறாய். எங்கள் மீதுள்ள உரிமைகளை இந்த உலகத்திலேயே நிறைவேற்ற எங்களுக்கு தவ்ஃபீக் செய்வாயாக! எங்கள் தீய குணங்களை நல்ல குணங்களாக மாற்றுவாயாக! நினைவு இழந்த எங்கள் பெற்றோரைக் கண்ணியமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுமையைத் தருவாயாக! நாங்கள் எழுப்பப்படும் நாளில் எங்களை உன் நல்லடியார்களோடு எழுப்புவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.